வளையம் போட்ட இரண்டு சகலைகள்

சண்பகம் தன் புருஷன் குத்தாலத்தின் காலில் இருந்த நட்டை முதல்முதலாகத் திருகிய காலையில், அந்த வீட்டுக் கொடியில் கிடந்த உள்பாவாடைகளில் ஒன்று, நாடா கோர்க்க மடிப்பதற்குத் துணி பத்தாமல் ஒதுக்கிப்போட்டிருந்த நீலப் பாவாடை, ஒரு நெல் அளவுக்கு நீண்டது. அதை முதலில் கவனித்தவன் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை தளவாய். அவன் கையால் வெட்டிய பாவாடை அது. அது எவ்வளவு குட்டை என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது. சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளப் பார்த்தான், காலில் இருந்த வளையங்கள் திரும்ப விடவில்லை, மல்லாந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, ஈரத்துணி கனத்தில் இறங்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவர்கள் இருவரும் சகலைகள். சீனித்தாய்க்கு ஆண்பிள்ளை கிடையாது, பெண்கள் இரண்டு. மூத்தவள் ஆவுடையைத் தளவாய்க்கும், இளையவள் சண்பகத்தைக் குத்தாலத்துக்கும் கொடுத்து, இரண்டு மருமகன்களையும் தன் தெருவிலேயே குடிவைத்திருந்தாள். மலையடிவாரத்துச் செங்குளம்புதூரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தையல் மிஷின் சத்தம் பெய்துகொண்டேயிருக்கும். வடக்கேயிருந்து லாரியில் பேல் பேலாகத் துணி வந்து இறங்கும், வந்த துணி உள்பாவாடையாகவும் நைட்டியாகவும் மாறித் திரும்ப லாரி ஏறும், வந்ததற்கும் போனதற்கும் நடுவில் அந்த ஊரில் அதிகமாகச் சொல்லப்படுகிற வார்த்தை ‘பத்தல’ என்பதுதான். நூல் பத்தல, நாடா பத்தல, இடுப்புப் பட்டிக்குத் துணி பத்தல. அந்த வார்த்தை கேட்ட இடத்துக்கு ஆள்விட்டுத் தளவாயைக் கூட்டி வருவார்கள். அவன் கட்டிங் மாஸ்டர். மற்றவர்கள் கைவிட்ட துணியை மேஜையில் விரித்து, குறுக்கே மடித்து, திருப்பிப் போட்டு, அங்கே ஒரு ஒட்டு, இங்கே ஒரு ஒட்டு என்று மனசுக்குள்ளேயே தைத்துப் பார்த்துவிட்டு, காதில் செருகிய சாக்பீஸை எடுத்து நாலு கோடு போடுவான். பத்தாத துணி பத்திவிடும். குத்தாலம் அப்படிப் பேர் வாங்கியவன் இல்லை. வெட்டிய துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கி வருகிறவன். எதைச் சொன்னாலும் சரிண்ணே என்கிறவன்.

பக்கத்து ஊர்க் காதுகுத்துக்குப் போய்விட்டு இருவரும் ஒரே வண்டியில் திரும்பும்போது, குளத்துக்கரை வளைவில் தேங்காய் லாரிக்கு ஒதுங்கப்போய் விழுந்தார்கள். ஓட்டியது தளவாய், பின்னால் உட்கார்ந்திருந்தது குத்தாலம். இருவருக்கும் இடது கால், இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே. தளவாயின் எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. குத்தாலத்தின் எலும்பில் ஒரு துண்டையே காணோம். தேடிப்போனவர்கள் கரைப் புல்லுக்குள்ளிருந்து வண்டிக் கண்ணாடியையும் இரண்டு தேங்காய்களையும்தான் எடுத்து வந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா இருவர் காலிலும் வளையம் மாட்டினார். தலையில் குடம் வைக்கச் சுருட்டுகிற சும்மாடு அளவில் இரும்பு வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, நீளத் தண்டுகளில் நட்டுப் போட்டு முடுக்கி, ஒவ்வொரு வளையத்திலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி மெல்லிய கம்பிகள் சதையையும் எலும்பையும் ஊடுருவிப் போயிருக்கும். பார்க்க இரண்டு காலும் ஒன்றுபோலவே இருந்தாலும் வேலை வேறு வேறு என்று டாக்டரம்மா அக்கா தங்கச்சி இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். மூத்தவருக்கு நொறுங்கினதைச் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கிறது, அந்த நட்டை யாரும் தொடக்கூடாது. இளையவருக்குத் துண்டே போய்விட்டது, அதனால் நல்ல எலும்பை மேலே ஒரு இடத்தில் அறுத்துவிட்டிருக்கிறது, காலையிலும் உச்சிவேளையிலும் விளக்கு வைக்கும்போதும் படுக்கப்போகும் முன்னும் நட்டைத் துளித்துளியாகத் திருகினால் அறுத்த இடம் விலகும், விலகின இடைவெளியில் புது எலும்பு தானாக முளைக்கும், அவசரப்பட்டு இழுத்தால் முளைக்காது, இழுக்காமல் விட்டாலும் முளைக்காது. மிரண்ட கன்றுக்குட்டியைக் கூட்டி வருகிற மாதிரி என்று அவர் சொன்னது சண்பகத்துக்குச் சட்டென்று புரிந்தது.

சீனித்தாய் இரண்டு மருமகன்களையும் தன் வீட்டு முன்னறையில் இரண்டு கட்டில் போட்டுக் கிடத்தினாள். பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாதென்று வளையங்களுக்கு உள்பாவாடைத் துணியில் சுருக்கு நாடா வைத்து உறை தைத்தாள். மூத்த மாப்பிள்ளையின் உறைக்கு லேஸ் வைத்தாள். சாப்பாடானாலும், தீபாவளி எண்ணெயானாலும், மீன் குழம்பில் நடுத்துண்டானாலும் மூத்த மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்த பிறகுதான் இளையவனுக்கு என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே நடந்துவந்தது. எலும்புக்கு நல்லதென்று தினமும் வைத்த ஆட்டுக்கால் சூப்பும் முதல் டம்ளர் தளவாய் கைக்கே வந்தது. உறையில் லேஸையும் கையில் முதல் டம்ளரையும் வைத்துக்கொண்டு தளவாய் சில நாட்கள் நிம்மதியாகத்தான் இருந்தான்.

அப்புறம்தான் நீலப் பாவாடை நீண்டது. மறுநாள் அதில் நாடா கோர்க்க மடிக்கலாம்போல் ஆகியிருந்தது, அதற்கு மறுநாள் சண்பகமே பார்த்துவிட்டாள், பார்த்தவள் அம்மாவிடம் சொன்னாள், சீனித்தாய் அதைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துச் சுருங்கிப்போன தன் ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து குத்தாலத்தின் கட்டில் கால்மாட்டில் போட்டு வைத்தாள். நட்டைத் திருகத் திருக ரவிக்கை வளர்ந்தது. அடுத்த வீட்டுப் பேச்சி, தொட்டிக்கு எட்டாத கன்றுக்குட்டிக் கயிற்றைக் கொண்டுவந்தாள். கயிறும் வளர்ந்தது. ஊருக்கு இதில் ஆச்சரியம் இருந்த மாதிரி தெரியவில்லை. எலும்பே நட்டுக்கு வளரும்போது கயிறு வளராதா என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு அவரவர் வீட்டில் பத்தாமல் கிடந்ததைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒரு ஊருக்குள் இவ்வளவு பத்தாக்குறை இருந்ததா என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது. வளர்ந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாவாடை, மச்சுக்கு எட்டாத ஏணி, ஒரு ஆள் படுத்தால் இன்னொரு ஆள் தரையில் கிடக்கவேண்டிய பாய், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நீளத்துக்கு ஒரு விரல் குறைந்த சங்கிலி என்று மக்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். போலீஸ் வேலைக்கு உயரம் கொஞ்சூண்டு குறைந்து திரும்பிவந்த ஒருவன் தன்னையே கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே நீட்டிப் படுத்தான். அவனுக்கு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வளர்ந்தது, அதற்குமேல் படுத்துப் பார்த்தும் வளரவில்லை. மூச்சு பத்தாமல் இழுத்துக்கொண்டிருந்த பீடிக்கடைத் தாத்தா சுவரோரமாக உட்கார்ந்திருந்து, திருகி முடிந்ததும் ஒரு நீளமான மூச்சை விட்டு, அதைத் தானே காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவார். நாலு பக்கமும் வயல் வைத்திருந்த ஒருவர் நிலம் அளக்கிற சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது இம்மியும் அசையவில்லை. பத்தினவனுக்கு வளராது என்று அதிலிருந்து ஊர் தெரிந்துகொண்டது. அவர் மட்டும் கால் ஒரிஜினல் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வரிசையில் சண்டை வந்தபோது தையல்காரர் சங்கத்து ஆட்கள் வந்து ஒழுங்கு செய்தார்கள். காலைத் திருகலுக்குப் பிள்ளைகள் சாமான், உச்சிக்கு ஆடு மாடு சம்பந்தப்பட்டது, விளக்கு வைக்கும்போது பெண்கள், படுக்கப்போகும் முன் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்கள். சிலர் உண்டியல் வைக்கலாம் என்றார்கள், சீனித்தாய் இது என் மாப்பிள்ளை காலா, கோயிலா என்று கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. சோதனைக்குப் போனபோது சண்பகம் விஷயத்தை டாக்டரம்மாவிடமும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், வருகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும், கம்பி நுழைகிற இடத்தை ஒருத்தரும் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருந்தன.

இத்தனைக்கும் குத்தாலத்துக்கு அது சுகமாக இல்லை. ஒவ்வொரு திருகலுக்கும் சதையை உள்ளேயிருந்து யாரோ முறுக்குவதுபோல வலி. ஒரு துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொள்வான், கண்ணோரம் தண்ணீர் வழியும், திருகி முடிந்ததும் துண்டை எடுத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்து வளந்துச்சா என்று கேட்பான். வளந்துச்சு வளந்துச்சு என்பார்கள். அவன் முகம் மலர்ந்துவிடும்.

இதெல்லாம் தளவாயின் கட்டிலைத் தாண்டித்தான் நடந்தது. வாசலுக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் அவன் கிடந்தான். வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், எப்படியிருக்கீங்க மாஸ்டர் என்று கேட்டவர்கள் பதில் வருவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்கள். ஒருநாள் வரிசையில் நின்ற ஒருத்தி தன் வயர்க்கூடையைக் கொஞ்ச நேரம் மாட்டிவைக்க இடம் தேடி, லேஸ் வைத்த உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் வளையத்துத் தண்டில் மாட்டிவிட்டு நின்றாள். போகும்போது எடுத்துக்கொண்டும் போனாள். அவன் சொல்லவேண்டியதெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே புளித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு எரிந்தது கூட்டத்தைப் பார்த்து மட்டுமில்லை. அந்த ஊரில் பத்தாததைப் பத்தவைக்க அவன் ஒருவன்தான் இருந்தான். அதற்கு அவன் கண் வலிக்கவேண்டும், முதுகு வலிக்கவேண்டும், ராத்திரி கனவில்கூடத் துணியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். இப்போது கட்டிங் மேஜையில் தப்பாக வெட்டிய துணியைக்கூட யாரும் ஒதுக்குவதில்லை, சாயந்தரம் குத்தாலம் காலடியில் கொண்டுபோய்ப் போடுவோம் என்கிறார்கள். அவன் ஒட்டுப் போட்டுக் கொடுத்த இடத்தில் குத்தாலம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே ஒட்டே இல்லாமல் செய்கிறான். குத்தாலத்தின் வலியைப் பார்த்தும் அவனுக்கு எரிந்தது. தன் காலில் வலி வந்தது, இருந்தது, போனது. ஒருத்தரும் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுக்கவில்லை. இவன் வலிக்கோ ஊரே கை கட்டி நிற்கிறது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது தளவாய்க்கு உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்தது. வளையத்தின் கனம் இழுக்கிறது என்று அவன் சொல்வான், ஆவுடை ஆமாம் என்பாள். என் நட்டையும் கொஞ்சம் திருகிப் பாரு என்று ஒருநாள் அவளிடம் கேட்டான். தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்லா என்றாள். அவனுது மட்டும் தொடலாமோ என்றான். அவள் கம்பி நுழையும் இடங்களை மருந்துத் தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் தலையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பூகூட குத்தாலத்தின் கட்டிலுக்கு யாரோ கொண்டுவந்து வைத்ததில் கிள்ளியதாக இருக்கும் என்று நினைத்தான்.

சூப்பு விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. சீனித்தாய் இரண்டு டம்ளரோடு வந்தாள், வரிசையில் யாரோ எதையோ கேட்டார்கள், பதில் சொல்லிக்கொண்டே நடந்தவள் தளவாயின் கட்டிலைத் தாண்டிப் போய் முதல் டம்ளரைக் குத்தாலத்தின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து இரண்டாவதை இவனிடம் நீட்டினாள். அவளுக்கு அது தெரியவேயில்லை. சூப்பு இரண்டும் ஒரே சட்டியில் கொதித்தது, ஒரே சூடு, ஒரே மிளகு. தளவாய் டம்ளரை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தான். ஆடை படர்ந்து, ஈ விழுந்து, ஆவுடை வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அது அங்கேயே இருந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் தன் பெண்டாட்டியை வரிசையில் பார்த்தான். ஆவுடை பெண்களோடு பெண்ணாகக் கடைசியில் நின்றிருந்தாள், முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். நட்டுத் திருகி முடிந்ததும் யாரிடமும் காட்டாமல் உள்ளே போனாள். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். அவன் கூப்பிட்டுக் கேட்டான்.

“நம்ம வீட்டுல என்ன பத்தல?”

“ஒண்ணுமில்லங்க.”

“ஒண்ணுமில்லாததையா முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு அவன் காலடியில நிக்க?”

அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மௌனத்தை அவன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அவனிடம் பத்தாதது எது என்று யோசித்தான். சம்பாத்தியமா, பேச்சா, புருஷன் என்கிறதே பத்தவில்லையா. கட்டியவள் போய் இன்னொருத்தன் காலடியில் நிற்கிறாள் என்றால், அதுவும் தன்னைப் பார்த்து எழுந்து நிற்கவேண்டிய இளைய சகலையின் காலடியில் நிற்கிறாள் என்றால், ஊர் என்ன நினைக்கும் என்று யோசித்தான். ஊர் ஒன்றும் நினைக்கவில்லை, ஊருக்கு அதனதன் கயிறும் ஏணியும் இருந்தன. அதுவும் அவனுக்கு எரிந்தது.

முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மதியக்கொடைக்கு ஊரே கோயிலுக்குப் போய்விடும். சீனித்தாயும் இரண்டு பெண்களும் உச்சித் திருகலை முடித்துவிட்டு, புதுச்சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைமார் இருவருக்கும் சோறு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தூரத்தில் நையாண்டி மேளம் கேட்டது. குத்தாலம் மாத்திரையைப் போட்டு, தூங்கியும் தூங்காமலும் முனகிக்கொண்டு கிடந்தான். தளவாய் வாக்கரைப் பிடித்து எழுந்தான், சாய்ந்து சாய்ந்து நடந்து அடுத்த கட்டிலுக்கு வந்தான், மருந்துத் தட்டில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாள் சண்பகம் எந்தப் பக்கம் திருகுகிறாள் என்று பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண்ணே பழகியிருந்தது. அவன் உறையின் நாடாவை அவிழ்த்து, மறுபக்கமாகத் திருகினான்.

ஒவ்வொரு தண்டாக, ஒவ்வொரு நட்டாக, அளவு தப்பாமல், வேலை தெரிந்தவன் திருகுகிற மாதிரி திருகினான். கோயிலில் பால்குடம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒருத்தியின் ரவிக்கைக் கொக்கி தெறித்தது, அடுத்து இன்னொருத்திக்கு, அடுத்து வரிசையாக. புதுச்சங்கிலி போட்டிருந்த கல்யாணப்பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வேலைக்குப் போக இருந்தவன் கும்பம் பிடித்து நின்ற இடத்திலேயே கொஞ்சம் தாழ்ந்தான், கும்பத்துத் தண்ணீர் அலம்பிச் சிந்தியது. பீடிக்கடைத் தாத்தாவின் மூச்சு பாதியில் நின்று திக்கியது. சாமி கொண்டாடி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தன் குட்டையாகிப்போன கச்சையைப் பார்த்தார். நட்டு பின்னால போகுது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஆவுடை அதைக் கேட்டதும் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அங்கே முன்னறையில், தளவாய் நினைத்தது வேறு, நடந்தது வேறாக இருந்தது. குத்தாலம் அலறுவான் என்று நினைத்தான்; அலறட்டும், ஊர் கோயிலில் இருக்கிறது, இந்த ஒரு அலறலாவது எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்தான். குத்தாலம் அலறவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது தளரத் தளர அவன் முனகல் நின்றது, நெற்றிச் சுருக்கம் விரிந்தது, பல மாதமாக இறுகியிருந்த தாடை இளகி வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவன் கண்ணைத் திறந்தான். தன் காலையும், காலடியில் உட்கார்ந்திருந்த சகலையையும், சகலை கையிலிருந்த ஸ்பேனரையும் பார்த்தான்.

“இன்னும் கொஞ்சம் திருகுங்கண்ணே,” என்றான். “நல்லா இருக்கு.”

சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனான். குழந்தை தூங்குகிற மாதிரி தூங்கினான். தளவாயின் கை அந்தரத்தில் நின்றது. கெடுக்க வந்த இடத்தில் குத்தாலத்துக்கு ஒரு தூக்கத்தைக் கொடுத்திருக்கிறான். தனக்கு இப்படி ஒரு தூக்கம் வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆவுடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். ஸ்பேனரைப் பார்த்தாள். உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்து, அதற்குள்ளிருந்ததை அவன் முன்னால் தரையில் போட்டாள். அவனுடைய இடது கால் செருப்பு.

“போட்டுக்கிட்டு நில்லுங்க,” என்றாள்.

அவன் போட்டுக்கொண்டு நின்றான். வாக்கர் இல்லாமல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. உடம்பு இடது பக்கம் சாய்ந்தது.

“வளையத்தோட கனம்,” என்றான்.

“வளையமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நொறுங்கின எலும்ப அமுக்கிச் சேத்ததுல கால் குட்டையாத்தான் ஆகும்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. செருப்புல உசரம் வச்சு நடக்கலாம்னாங்க. நேத்து விளக்கு வைக்கையில இதோட அடி கிட்டத்தட்ட ரெண்டு விரல் உசரம் வந்திருந்துச்சு. இன்னும் கொஞ்சம் வந்திருந்தா நீங்க நேரா நின்னுருப்பீக. இப்ப பாருங்க.”

அவன் குனிந்து பார்த்தான். ஒரு விரல்கூட இல்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, நீங்க அதுக்கப்புறம் உங்க காலப் பாத்திருப்பீகளா, தம்பி காலையே பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பீகளா?”

ஆவுடை அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இனிமே நான் கொண்டு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிப் போனாள்.

ஊர் விசாரித்தது. மறுநாள் சோதனைக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மாவும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு பின்னால் போயிருக்கிறதே, யார் திருகியது என்று கேட்டார். பக்கத்துப் பெஞ்சில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த தளவாய் வாயைத் திறந்தான். அதற்குள் குத்தாலம், “நாந்தாம்மா, வலி தாங்கல, அவுத்துட்டேன்,” என்று சொல்லிவிட்டான். டாக்டரம்மா அவனைத் திட்டினார். பிறகு, நல்ல வேளை, இளசு எலும்பு, இப்படி ஒரு தடவை நெருங்கினதில் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை, மறுபடி முதலிலிருந்து மெதுவாகத் திருகுங்கள் என்றார். விஷயம் ஊருக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. பாவம், வலி தாங்காமத்தான செஞ்சிருக்கான் என்று பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தளவாய்க்கு அந்த இரக்கத்தைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. தான் சொல்லவேண்டியதை, அதைக்கூட, அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

வளையத்தைச் சீக்கிரமே கழற்றிவிடலாம் என்று டாக்டரம்மா தளவாயிடம் சொல்லியிருந்தார். கழற்றினால் நடக்கவேண்டும். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடியே பழைய ரப்பர்த் துண்டுகளை வெட்டிச் செருப்புக்கு அடியில் ஒட்டிப் பார்த்தான். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவனுக்குத் தன் கால் எவ்வளவு குட்டை என்று தனியாக அளக்க முடியவில்லை; டேப்பின் ஒரு முனையை இடுப்பில் பிடித்தால் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், பிடிக்க வேண்டியவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள், கிட்டே வரவில்லை. ரப்பர் ஒரு பக்கம் கூடியது, ஒரு பக்கம் குறைந்தது. மூன்றாம் தடவை ரப்பரைப் பிய்த்து எறிந்த பிறகு, அவன் அந்தச் செருப்பை வெகு நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டிலில் குத்தாலம் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

பெண்கள் வந்து நின்றார்கள். வாளியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. தளவாய் வாக்கரைப் பிடித்து எழுந்தான். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கையெட்டும் தூரம்தான், நேராகத் திரும்பி நின்றாலே போதும். அவன் அப்படித் திரும்பவில்லை. சாய்ந்து சாய்ந்து வாசலுக்குப் போனான், வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினான், செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில், காலை வரிசையைத் தவறவிட்டுப் பள்ளிக்கூட டவுசரோடு நின்ற ஒருத்திக்குப் பின்னால் போய் நின்றான். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடை அடுப்படியிலிருந்து வந்து, அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சீனித்தாய்தான் பதறினாள்.

“மூத்த மாப்ள, நீங்க எதுக்கு அங்க நிக்கீக? முன்னால வாங்க. ஏட்டி, வழிய விடுங்க.”

“இருக்கட்டும் அத்தை,” என்றான் தளவாய். “வரிசையிலயே வாரேன்.”

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருத்தியாகத் தன்னுடையதைக் கட்டிலோரத்தில் வைத்தார்கள். இவன் முறை வந்தபோது குத்தாலம் நிமிர்ந்து பார்த்தான். செருப்பைப் பார்த்தான், அது எந்தக் கால் செருப்பு என்று பார்த்தான், தலையணையைச் சரிசெய்துகொண்டு, வையுங்கண்ணே என்றான். தளவாய் செருப்பை வைத்தான். சண்பகம் ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். குத்தாலம் துண்டைக் கடித்தான், அவன் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணோரம் ஈரம் இறங்கியது. அந்த வலியில் எவ்வளவு பங்கு தன்னுடையது என்று தளவாய்க்குத் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

திருகி முடிந்தது. ஏணிக்காரியும் பாய்க்காரியும் அவரவருடையதை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். வளந்துச்சா என்று கேட்டான் குத்தாலம். வளந்துச்சு வளந்துச்சு என்றார்கள். தளவாய் செருப்பை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். அடியில் ஒரு நெல் அளவு ஏறியிருந்தது. வெள்ளை வெளேரென்று, புதுசாக. அவன் மெல்லக் குனிந்து, முன்னால் நின்றவள் விரித்துப் பிடித்திருந்த டவுசரைப் பார்த்தான். நூலிழை வித்தியாசமும் தப்பாத கண்.

“ஆவுட,” என்றான் அடங்கிய குரலில். “அந்த டவுசர் நம்மதவிடக் கொஞ்சம் கூட வளந்திருக்கோ?”

“செருப்ப நேராப் பிடிங்க,” என்றாள் ஆவுடை.